நடேசனுக்குக் கட்டிக்கொடுத்த மணி

தண்ணீர்த் தொட்டியில் பாசி தேய்க்கும் வேலையை மட்டும் செல்லம்மா யாரிடமும் விட்டதில்லை. தொட்டியைக் காலிசெய்து, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கிழிந்த கோணித் துண்டும் ஒரு சட்டிச் சாம்பலுமாக உள்ளேயே இறங்கிவிடுவாள். பதினாறு முழ நீளக் கல்தொட்டி. இரண்டு பக்கமும் சேர்ந்து ஐம்பது ஆடு ஒரே நேரத்தில் வாய் வைக்கும். பாசி இருந்தால் ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆடு குடிக்காத இடத்தில் மந்தைக்காரன் நிற்கமாட்டான். அவன் நிற்காவிட்டால் சேந்தி என்கிற ஈச்சங்கள் பானையிலேயே கிடந்து புளித்துப் போகும். கடையே அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது என்பது அவள் கணக்கு.

தேய்க்கும்போது வேலிப்பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டாள். அங்கே அந்தக் கறுப்புக் கிடா நிற்கும். ஒரு காது மட்டும் வெள்ளை. மேயாது, கத்தாது, அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வருஷமாக இப்படித்தான்.

"அத்தெ வித்துத் தொலைங்கம்மா. கைக்கு வச்சிட்டிருக்கீங்க?" என்றாள் ஆரோக்கியமேரி, அடுப்படியிலிருந்தே. கடையில் ரொட்டி தட்டுவதும் கடலை வறுப்பதும் அவள். சிக்கந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், வாயில் மூன்று பாஷை கலந்து வரும், எதற்கு என்பதற்குக் 'கைக்கு' என்பாள்.

"வாங்கறவன் யாருடி?"

அந்தக் கிடாவை வாங்க ஒருவனும் வரமாட்டான். அறுத்துப் போட்டாலும் கறியைத் தொடமாட்டார்கள்.

செல்லம்மாவுக்குப் பூர்வீகம் ஆரணி. புருஷன் லட்சுமணன் மதராஸ் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் அறுக்கிறவனாக, சிக்கந்தராபாத்தை ஒட்டிய திருமலகிரிக்கு வந்தான். அவள் பின்னாலேயே வந்தாள். பிள்ளை தங்கவில்லை. பட்டாளம் வேறு ஊருக்குப் போனபோது லட்சுமணன் கூடப் போகவில்லை. பீதர், ஜஹீராபாத் பக்கமிருந்து ஆட்டுமந்தைகள் வரும் சாலையில், ராமச்சந்திராபுரத்துக்கு வெளியே ஒரு சேந்திக் கடையைக் குத்தகைக்கு எடுத்தான். நிஜாம் மஹபூப் அலி பாஷா ஆட்சி. திருமலகிரியிலும் பொலாரத்திலும் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தினமும் கறி வேண்டும். கறி என்றால் அன்றைக்குக் கறி நடந்துதான் வரவேண்டும். பத்து நாள், பன்னிரண்டு நாள் நடந்து வந்த மந்தைக்குக் கடைசி நிறுத்தம் இந்தக் கடை. இங்கே தண்ணீர் காட்டி, பட்டியில் படுக்கப்போட்டு, மறுபடி கிளப்பினால் அடுத்தது கசாப்புக் கொட்டடிதான்.

லட்சுமணன் இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். பொம்பிளை நடத்துகிற கள்ளுக் கடையா என்று அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள். மந்தைக்காரர்கள் சுளிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது பாசியில்லாத தொட்டி, ஓட்டையில்லாத வேலி, அதற்கப்புறம் அந்த மணிக் கொக்கிகள்.

கடையின் உள் அறையில், சுவரோடு சுவராக ஒரு வேலமரச் சட்டம். அதில் ஒன்பது இரும்புக் கொக்கிகள். செம்மறி ஆடு தானாக வழி பார்க்காது. மந்தைக்கு முன்னால் மணி கட்டிய ஒரு வெள்ளாட்டுக் கிடா போகும். அந்த மணிச் சத்தத்தின் பின்னாலேயே நூறு ஆடும் போகும், அது நின்றால் நிற்கும். கடைக்குள் நுழைகிற மந்தைக்காரன் முதல் காரியமாகக் கிடாவின் கழுத்து மணியை அவிழ்த்து செல்லம்மாவின் கையில் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் மொந்தையைத் தொடலாம். மணி கொக்கியில் தொங்குகிறவரை மந்தை நகராது.

திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு சோதனை உண்டு. அவன் தன் கையாலேயே கிடாவின் கழுத்தில் மணிக்கயிற்றைக் கட்டிக் காட்டவேண்டும். அவர்கள் முடிச்சு ஒரு தினுசானது. கிடா எவ்வளவு உதறினாலும் அவிழாது, அவன் ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். தெளிந்த விரலுக்குத்தான் அது வரும். வராவிட்டால் மணி மறுபடி கொக்கிக்குப் போகும், ஆள் மறுபடி பாய்க்குப் போவான். எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், எத்தனை பேர் அவள் குலத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றால் நின்றதுதான். அந்தச் சாலையில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த நிற்பில் வந்தது.

நடேசன் விஷயத்தில் மட்டும் அவள் அப்படி நிற்கவில்லை.

நடேசனும் ஆரணிப் பக்கம்தான். பட்டாளத்துக்கு மாடு ஓட்டிக்கொண்டு வந்து, திருமலகிரியிலேயே குடித்தனம் போட்டுவிட்டவன். தெலுங்கு மந்தைக்காரர்களோடு சேர்ந்து ஆடு ஓட்டினான். கூட்டத்துக்குப் பெரியவர் மல்லய்யா. அவன் கூட்டத்தில் கடைசி ஆள், இருந்தாலும் அவனுக்கென்று வரிசையில் ஒரு இடம் இருந்தது. கடைக்கு வந்தால் "அக்கா, இன்னா கொழம்பு?" என்று நேரே அடுப்படிக்குப் போய்விடுவான். அந்த ஊர்ப் பேச்சைக் கேட்க செல்லம்மாவுக்கு ஆசையாக இருக்கும். அவனுக்கென்று கொஞ்சம் குழம்பை எடுத்து வைப்பாள்.

அது ஆடி மாதம். நடேசன் நூற்றிருபது ஆட்டோடு காலையிலேயே வந்துவிட்டான். நடுப்பகலுக்குள் மூன்று மொந்தை. நாலு மணி வாக்கில் எழுந்து, மணியைக் கொடு, கிளம்புகிறேன் என்றான். கண் சிவப்பாக இருந்தது. முடிச்சுப் போடச் சொன்னாள். கயிறு விரலுக்குள் வழுக்கிக்கொண்டே போனது. இரண்டு தரம் போட்டான், இரண்டு தரமும் விழவில்லை. இப்போதே கிளம்பினால் ராத்திரிக்குள் கொட்டடியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், பெண்டாட்டி தங்கம் தனியாக இருக்கிறாள் என்றான்.

"கட்டி வுடுக்கா. நீ கட்னா இன்னா, நான் கட்னா இன்னா?"

செல்லம்மா குனிந்து கட்டிவிட்டாள். அவளுக்கு மந்தைக்காரர் முடிச்சு தெரியாது. தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான். தங்காமல் போன தன் பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய முடிச்சு. அதைத்தான் போட்டாள். நடேசன் சிரித்துக்கொண்டே கம்பை எடுத்துக்கொண்டு போனான். மணிச் சத்தம் சாலையில் தேய்ந்து மறைகிறவரை கேட்டது.

ரயில் பாதையைக் காக்கும் பாதைக்காரன் பிறகு வந்து சொன்னதிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான். லிங்கம்பள்ளிப் பக்கம் ரயில் பாதையைக் கடக்கும்போது நடேசனுக்குக் கால் தளர்ந்திருக்கிறது. சரளைமேல் உட்கார்ந்துவிட்டான். முன்னால் போன கிடா பாதையைத் தாண்டிவிட்டது. எஜமானைக் காணோமென்று திரும்பி நின்றது. மணி நின்றது. மணி நின்றதும் தண்டவாளத்தின்மேல் இருந்த ஆடுகளும் அங்கேயே நின்றுவிட்டன. வண்டி ஊதிக்கொண்டேதான் வந்தது. ஒரு ஆடுகூட அசையவில்லை என்று பாதைக்காரன் சொன்னான். எல்லாம் தலையைத் தூக்கி அந்தக் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தனவாம்.

நாற்பத்துமூன்று ஆடு, ஒரு ஆள்.

அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில், இந்தச் சேதி எதுவும் வருவதற்கு முன்னால், கிடா தனியாகத் திரும்பி வந்தது. பட்டி வாசலில் மணிச் சத்தம் கேட்டு நடேசன்தான் என்று நினைத்து செல்லம்மா வெளியே வந்தாள். கிடாவின் வயிறெல்லாம் ரத்தம், எதுவும் அதனுடையதல்ல. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் அவள் செய்த முதல் காரியம் அழுததல்ல, ஆள் அனுப்பியதுமல்ல. கிடாவைக் கட்டிப்பிடித்து, இறுகிப்போன தன் முடிச்சை, வேறு யார் கண்ணிலும் படுமுன், பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றில் ரத்த ருசி. மணியை அலம்பிக் கொக்கியில் மாட்டினாள்.

மறுநாள் மல்லய்யா வந்து கேட்டார். தான் பின்கட்டில் இருந்தபோது நடேசனே மணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னாள். மல்லய்யா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. அந்த நிற்புக்குக் கிடைத்த மரியாதை அது.

வழியில் மந்தையோடு செத்தவனுக்கு அந்த இடத்திலேயே ஒரு கல் நடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பக்கம் போகிறவர்கள் சுரைக்குடுக்கையிலிருந்து ஒரு வாய் சேந்தியைக் கல்லின் தலையில் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார்கள். மணியைத் திருடி ஓட்டியவனுக்குக் கல் கிடையாது. அவன் வீட்டுக்குக் கூட்டத்தில் இடமும் கிடையாது. நடேசனுக்குக் கல் நடவில்லை. வேறு வேறு கல்லுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, ரயில் பாதையில் மட்டும் மந்தைக்காரர்கள் நிற்காமல் தாண்டிப் போனார்கள்.

அதற்கப்புறம் செல்லம்மாவின் கை அவள் சொன்னபடி கேட்கவில்லை. விறகுக் கட்டைக் கட்டினால் தூளி முடிச்சு விழும். முந்தானையில் வெற்றிலையை முடிந்தால் அதே முடிச்சு. அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவாள், பார்த்தால் திரும்ப அதுவே. ஆரோக்கியமேரி ஒருநாள் சாக்கு மூட்டையை அவிழ்க்கமுடியாமல், "இன்னாம்மா இது, சாக்கு உள்ளே கொழந்தெயா தூங்குது?" என்று கேட்டாள். செல்லம்மா உலையைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

நாலு மணி ஆனால் இன்னொன்று. மந்தை எதுவும் இல்லாத நாளிலும், நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடை அறைக்குள் வரும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், தரை காய்ந்து கிடக்கும், வாடை மட்டும் ஈரமாக வந்து நிற்கும். சேந்தி குடித்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்ப்பாள். அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றாது. கேட்கவும் பயம்.

கிடா போகவேயில்லை. இரண்டு தரம் விரட்டிப் பார்த்தாள், சாயங்காலம் வேலியோரம் நின்றது. சாலையில் ஏதாவது மந்தை வந்தால் போதும், போய் வாசல் நடுவில் நிற்கும். கழுத்தில் மணி கிடையாது. இருந்தும் வருகிற ஆடெல்லாம் அதைப் பார்த்ததும் சாலையிலேயே நின்றுவிடும். செல்லம்மா போய்க் கொம்பைப் பிடித்து இழுத்துப் போனால்தான் உள்ளே நுழையும். கிடாவுக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், ஆட்டுக்குத் தெரிகிறது என்று மந்தைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செல்லம்மா கொம்பைப் பிடித்து இழுக்கும்போது தன் கைமேல் இன்னொரு கை படுமோ என்று ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொள்வாள்.

இதெல்லாம் இருக்க, அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரப் பையன், வீட்டுக்குப் போகவேண்டுமென்றான், இரக்கப்பட்டுக் கட்டிவிட்டேன். அவ்வளவுதானே. அந்தச் சமாதானம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. நடேசன் கிளம்பிய அன்றைக்கு மூன்று மணிக்கே மல்லய்யாவின் ஆள் வந்து, பின்னால் இருநூறு ஆடு வருகிறது, பட்டி காலியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நடேசனின் மந்தை உள்ளே கிடந்தால் பெரிய மந்தை அடுத்த கடைக்குப் போய்விடும். அவள் குனிந்து முடிச்சுப் போட்டபோது மனசில் இருந்தது தங்கமும் இல்லை, ஆரணியும் இல்லை. பட்டிதான் இருந்தது.

தங்கம் வந்தது மூன்றாம் வருஷம் ஆவணியில், காலை பதினோரு மணி இருக்கும். உள் அறையில் மல்லய்யாவும் அவர் கூட்டத்தார் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு சின்ன மந்தைகளின் மணிகள் கொக்கிகளில் தொங்கின. எட்டாவதில் நடேசனுடையது, யாரும் அதைத் தொடுவதில்லை. வாசலில் கிடா முதல்தடவையாகக் கத்தியது. ஆரோக்கியமேரி ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கிடா ஒரு பெண்ணின் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றது.

மெலிந்த உடம்பு, வெடித்த பாதம், ஆண்பிள்ளை மாதிரி தோளில் ஒரு கம்பளி, கையில் கம்பு. செல்லம்மா அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்தவுடன் யாரென்று தெரிந்துவிட்டது.

தங்கம் மல்லய்யாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அரைகுறைத் தெலுங்கில் பேசினாள். மூன்று வருஷமாகப் பட்டாளத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்ததாகச் சொன்னாள். இரண்டு வருஷமாகத் தனியாகவே பத்துப் பதினைந்து ஆடு வாங்கி ஓட்டிப் பார்த்ததாகவும், தனியாக வருகிறவளுக்கு வழியில் தண்ணீரும் பட்டியும் கொடுக்க ஆளில்லை என்றும் சொன்னாள். புருஷன் நடந்த வரிசையில் அவளும் நடக்கவேண்டும். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

மல்லய்யா கெட்டவர் இல்லை. பொம்பிளை என்பதற்காக மறுக்கவில்லை என்று சொன்னார். ஆடு ஓட்டுகிற கைக்கு ஆணென்ன பெண்ணென்ன. ஆனால் மணியைக் களவாக எடுத்துப் போனவன் வீட்டுக்கு இடம் கொடுத்தால், நாளைக்கு யாரும் கொக்கியை மதிக்கமாட்டார்கள். கொக்கியை மதிக்காவிட்டால் இந்தச் சாலையில் வருஷத்துக்கு எத்தனை நடேசன்கள் சாவார்கள் என்று அவளையே கேட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

தங்கம் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு செல்லம்மாவின் பக்கம் திரும்பி, ஆரணித் தமிழில், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. அவரு தானா எடுத்துகினு போனாரா?"

அறைக்குள் ஈர ரோம வாடை வந்தது. மணி இன்னும் பதினொன்றுதான்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தங்கம் எழுந்து போய்விடுவாள். கடை நடக்கும், ஏழு பேரும் இன்றைக்கு இன்னும் ஆளுக்கு ஒரு மொந்தை கேட்பார்கள். இல்லை என்று சொன்னால், பொய் சொல்லுகிறவள் கையில் எந்த மந்தைக்காரன் மணியைக் கொடுப்பான்? மணி வராத கடையில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஆரணியில் யார் இருக்கிறார்கள்? இவ்வளவும் ஒரு நொடிக்குள் மனசில் ஓடிற்று. அவள் கைகள் முந்தானை நுனியில் எதையோ முடிந்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை விட்டாள்.

"இல்லம்மா. நான்தான் கட்னேன்."

தமிழில் சொன்னதை உடனே தெலுங்கிலும் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. அவன் விரலுக்கு முடிச்சு வரவில்லை, இரண்டு தரம் பார்த்தேன், பிறகு நானே கட்டி அனுப்பினேன், கிடா திரும்பி வந்ததும் நானே அவிழ்த்தேன். அவன் எதையும் எடுக்கவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரக்கப்பட்டு அல்ல, உங்கள் மந்தைக்குப் பட்டி வேண்டியிருந்தது, அதற்காக அனுப்பினேன் என்று மல்லய்யாவைப் பார்த்தே சொன்னாள்.

அடுப்படியில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. ஆரோக்கியமேரி நகரவில்லை.

மல்லய்யா திட்டுவார் என்று செல்லம்மா எதிர்பார்த்தாள். அவர் மொந்தையில் மிச்சமிருந்ததைக் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்து கொக்கியிலிருந்து தன் மணியை எடுத்துக்கொண்டார். மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டதால் அது ஒலிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தங்கள் மணியை எடுத்தார்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, முடிச்சுப் போட்டுக் காட்டவும் இல்லை. நடேசனுக்கு நடுவதற்கு நல்ல கல்லாக ஒன்று பார்க்கவேண்டும் என்று மல்லய்யா வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது. அமாவாசைக்கு மறுநாள் மந்தை புறப்படுகிறது, படான்செருவில் வந்து சேர்ந்துகொள் என்று தங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள். தங்கம் அழுவாள், இல்லை, மண்ணை வாரித் தூற்றுவாள் என்று செல்லம்மா காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். தங்கம் கம்பளியை மடித்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள், மடிப்பைப் பார்த்தபடியே. "ரெண்டு மொந்தை உள்ள போனா அவருக்கு வேட்டி முடிச்சே நிக்காது. நான்தான் கட்டி வுடுவேன். அவரு எங்க மணி கட்றது?"

செல்லம்மா மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒளித்து வைத்திருந்தது, பதினைந்து மைலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், இங்கே வந்து ஒரு வார்த்தை கேட்காமல், இவளாகச் சொல்லட்டும் என்று இருந்தாளா? சொல்லாமலே போய்விடட்டும் என்று இருந்தாளா?

"தெரிஞ்சுகினே ஏம்மா மூணு வருஷம் வராம இருந்தே?"

தங்கம் நிமிர்ந்து அவள் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனாள்.